வகுப்புத் தோழிகள் சேர்ந்து மகளை ஒதுக்குகிறார்கள். கைகுலுக்க வைத்துவிட்டு முடிந்தது என்கிறது பள்ளி. அடுத்து என்ன செய்வது?

உறையூர்த் தாய் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளைப் பற்றி யோசனை கேட்கவே இதை எழுதுகிறேன். அவளுக்குச் சிறு வயதிலிருந்தே பேச்சில் திக்கல் உண்டு. வீட்டில் எங்களோடு பேசும்போது அது அவ்வளவாகத் தெரியாது. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவாள். சென்ற ஆண்டு வரை அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

பள்ளி வேனில் உடன் வரும் மாணவி ஒருத்தி, என் மகள் மனப்பாடச் செய்யுளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்குத் தெரியாமல் கைப்பேசியில் பதிவு செய்து, வகுப்பு மாணவிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறாள். அந்தக் குரலைத் திரைப்பாட்டோடு கோத்து ஒரு காணொளி வந்தது. ஆண்டு விழாப் படத்திலிருந்து அவள் முகத்தை வெட்டியெடுத்து ஸ்டிக்கர்கள் வந்தன. பிறகு அவள் பெயரிலும் படத்திலும் இன்ஸ்டாகிராமில் ஒரு போலிக் கணக்கு தொடங்கப்பட்டு, ஓர் ஆசிரியரைப் பற்றியும் பக்கத்து வகுப்பு மாணவனைப் பற்றியும் அவளே எழுதியதுபோலக் கூச்சமான வாசகங்கள் வெளியாகின. திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலி என்று அவள் படுத்துக்கொண்டதன் காரணம், என் தங்கை மகள் அந்தக் கணக்கைக் கண்டு எனக்குச் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது.

வகுப்பாசிரியையிடம் போனேன். அவர் அன்றே இரு பிள்ளைகளையும் எதிரெதிரே நிறுத்தி விசாரித்து, அந்தப் பெண்ணை மன்னிப்புக் கேட்கச் சொல்லி, இருவரையும் கைகுலுக்க வைத்து அனுப்பிவிட்டார். பெண் பிள்ளைகளுக்குள் வரும் சின்னச் சண்டைதான், கைப்பேசியில் நடப்பதற்குப் பள்ளி எப்படிப் பொறுப்பாகும் என்று முதல்வரும் சொல்கிறார். இப்போது யாரும் என் மகளை எதுவும் சொல்வதில்லை. அவளோடு பேசுவதே இல்லை. பழைய குழுவைக் கைவிட்டு அவளில்லாத புதிய குழுவைத் தொடங்கிவிட்டார்கள். மதிய உணவுக்கு உட்காரும் வட்டத்தில் அவளுக்கு இடமில்லை. போட்டுக்கொடுப்பவள் என்று பெயர் வந்துவிட்டது. வேனில் அவள் பக்கத்து இருக்கை காலியாகவே வருகிறது.

கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு அடுத்த ஆண்டு பள்ளியை மாற்றிவிடலாம் என்கிறார் என் கணவர். காவல் நிலையத்துக்கே போய்விடலாம் என்கிறார் என் அண்ணன். பதினான்கு வயதுப் பிள்ளைகள்மேல் வழக்கு என்றால் எனக்கே மனம் ஒப்பவில்லை. இப்படிப்பட்ட நிலையைக் கண்டவர்கள், பள்ளியில் பணியாற்றியவர்கள் யாரேனும் வழி சொல்லுங்கள்.

தஞ்சை ஓய்வுத் தலைமையாசிரியர் எழுதியது:

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது அந்தக் கைகுலுக்கல்தான். இரண்டு பிள்ளைகள் ஒரே பலத்தில் நின்று சண்டை போட்டால் அவர்களை உட்காரவைத்துச் சமாதானம் பேசலாம், அது சண்டை. உங்கள் மகளுக்கு நேர்ந்தது சண்டையில்லை. நார்வேயில் 1982ஆம் ஆண்டின் இறுதியில் மூன்று சிறுவர்கள் சக மாணவர்களின் கொடுமை தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்டபோது அந்த நாடே அதிர்ந்தது. அடுத்த ஆண்டு நாடு தழுவிய தடுப்பு முயற்சி தொடங்கியது. அதற்கு முன்னரே இதை ஆராய்ந்துவந்த உளவியலாளர் டான் ஓல்வியஸ் வைத்த மூன்று அடையாளங்களை இன்றுவரை உலகமெங்கும் பின்பற்றுகிறார்கள்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவரிடம் செய்வது. மூன்றாவதுதான் முக்கியம். ஒரு பக்கம் ஒரு வகுப்பும் மறுபக்கம் திக்கலோடு ஒரு பிள்ளையும் நிற்கும்போது, இருவரையும் எதிரெதிரே நிறுத்தி என்ன நடந்தது சொல் என்று கேட்டால், சரளமாகப் பேசத் தெரிந்தவள் பேசுவாள். உங்கள் மகள் அந்த இடத்திலும் தோற்றுத்தான் திரும்பியிருப்பாள்.

என் பணிக்காலத்தில் நான் உறுதியாகக் கடைப்பிடித்த ஒரு முறை உண்டு. புகார் சொன்ன பிள்ளையைத் தனியே கேட்பேன். அவள் சொன்னாள் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். பிறகு, பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளை ஒவ்வொருவராக, வெவ்வேறு வேளைகளில், வேறு வேலையாக அழைப்பதுபோல் அழைத்துக் கேட்பேன். கடைசியாகத்தான் தொல்லை கொடுத்த பிள்ளையைக் கூப்பிடுவேன். அப்போது என் கையில் போதுமான விவரம் இருக்கும்; எனக்குத் தெரியும் என்று சொல்ல முடியும்; உன்னைப் பற்றி அவள் சொன்னாள் என்று சொல்ல வேண்டிய தேவையே எழாது. இந்த வரிசை மாறினால் பிள்ளைக்கு ஆபத்து. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நாம் மறக்கக் கூடாது. சாதியின் பெயரால் சக மாணவர்கள் கொடுத்த தொல்லையால் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினான். காரணம் கேட்ட பள்ளியிடம் புகார் போனது. அதன்பின் அந்த மாணவர்கள் வீடு புகுந்து அவனையும் தடுக்க வந்த தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். அங்கே வேர் சாதி. உங்கள் மகள் விஷயம் அந்த அளவுக்குப் போகும் என்று நான் அஞ்சவில்லை. ஆனாலும் புகார் சொன்னவரை யார் காப்பது என்ற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அந்தக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் ஒருநபர் குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, அகரவரிசைப்படி இருக்கை போன்ற பரிந்துரைகள் பெரிதாகப் பேசப்பட்டன. மாணவர் நலனுக்கென்றே பள்ளியில் ஓர் அலுவலர் வேண்டும் என்றும் அது சொன்னது. என்னைப் பொறுத்தவரை அதுதான் உயிரான பரிந்துரை.

உங்கள் வகுப்பாசிரியை கவனிக்கத் தவறியது, பார்த்துக்கொண்டிருந்த மற்றப் பிள்ளைகளை. பின்லாந்தில் கிறிஸ்டினா சால்மிவல்லியும் அவருடைய குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், வகுப்பில் கொடுமை நடக்கும்போது துன்புறுத்துபவர், துன்புறுபவர் என்ற இருவர் மட்டும் இருப்பதில்லை, உடன் சேர்ந்து செய்பவர், சிரித்து ஊக்கம் தருபவர், ஒதுங்கி நிற்பவர், துன்புறுபவருக்குத் துணை நிற்பவர் என்று ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று காட்டினார்கள். கனடாவில் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்து நடத்திய ஓர் ஆய்வு 2001இல் வெளிவந்தது. அதில் பதிவான நிகழ்வுகளில் 88 விழுக்காட்டில் வேறு பிள்ளைகள் அருகில் இருந்திருக்கிறார்கள். 19 விழுக்காட்டில்தான் யாரோ ஒருவர் குறுக்கிட்டிருக்கிறார். ஆனால் குறுக்கிட்ட தருணங்களில் பாதிக்கும் மேல் பத்து நொடிக்குள் தொல்லை நின்றிருக்கிறது. ஆசிரியரின் நீண்ட அறிவுரை செய்யாததை ஒரு தோழியின் ஒரு சொல் செய்துவிடுகிறது. பின்லாந்துக்காரர்கள் இதை வைத்துத்தான் கீவா என்ற திட்டத்தை அமைத்து 2009 முதல் நாடெங்கும் பரப்பினார்கள்: வகுப்பில் நல்ல பெயருள்ள இரண்டு மூன்று பிள்ளைகளைத் தனியே அழைத்து, இந்தப் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள் என்று பொறுப்புக் கொடுப்பது அதில் ஒரு முக்கியமான படி.

ஆகவே நீங்கள் மீண்டும் பள்ளிக்குப் போகும்போது, அந்தப் பெண்ணுக்குத் தண்டனை கொடுங்கள் என்று தொடங்க வேண்டாம். வேனில் என் மகள் பக்கத்தில் நாளை முதல் யார் உட்காருவார், மதிய உணவு வேளையில் அந்த வராந்தாவில் எந்த ஆசிரியர் நிற்பார், வீட்டுப்பாடச் செய்தி அவளுக்கு எப்படி வந்து சேரும் என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பெயரோடும் நேரத்தோடும் பதில் சொல்ல வைக்க வேண்டும். பார்த்துக்கொள்கிறோம் என்பது பதில் ஆகாது.

கொங்கு மணி எழுதியது:

நான் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். நாங்கள் படித்த காலத்தில் பட்டப்பெயர் இல்லாத பிள்ளையே கிடையாது. குட்டை, கருவாயன், சோடாபுட்டி என்று கூப்பிட்டார்கள். அதையெல்லாம் தாண்டித்தான் வந்தோம். எல்லாவற்றுக்கும் பெற்றோர் ஓடிப்போய் நின்றால் பிள்ளைக்கு உலகத்தை எதிர்கொள்ளும் துணிவு எப்படி வரும்? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக் கைப்பேசி எதற்கு என்பதுதான் என் முதல் கேள்வி. அதை வாங்கி வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை அன்றே தீர்ந்துவிடும். உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

கோவை பள்ளி ஆலோசகர் எழுதியது:

மணி அவர்களே, பட்டப்பெயர்களைத் தாண்டி வந்த உங்களை நான் மதிக்கிறேன். தாண்டி வராதவர்கள் இந்த இழையில் வந்து எழுத மாட்டார்கள் என்பதையும் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கும் இன்றைக்கும் இன்னொரு வேறுபாடும் உண்டு. அன்று பள்ளிமணி அடித்ததும் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவான். அந்தப் பெயர் பள்ளிவாசலோடு நின்றுவிடும். இன்று பிள்ளை போர்வைக்குள் படுத்திருக்கும்போதும் அந்த ஒலிப்பதிவு வேறொருவர் கையில் ஓடிக்கொண்டிருக்கிறது. எத்தனை பேர் கேட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அதனால் வழியில் எதிர்ப்படும் ஒவ்வொருவரும் கேட்டிருப்பார் என்றே எண்ணி ஒடுங்கிப்போகிறாள். இது ஏதோ ஒரு சில பிள்ளைகளின் துயரமும் இல்லை. யுனெஸ்கோ 2019இல் பல நாடுகளின் தரவுகளைத் திரட்டி வெளியிட்ட அறிக்கை, ஏறக்குறைய மூன்றில் ஒரு மாணவர் அதற்கு முந்தைய ஒரு மாத காலத்தில் சக மாணவர்களால் துன்புறுத்தப்பட்டதாகச் சொல்கிறது.

கைப்பேசியை வாங்கி வைப்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். என்னிடம் வரும் பிள்ளைகளிடம் ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டால், போனைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பதிலைத்தான் மிக அதிகமாகக் கேட்டிருக்கிறேன். தவறு செய்தவள் கையில் கைப்பேசி இருக்கிறது. துன்பப்பட்டவள் கையிலிருந்து அது பறிக்கப்படுகிறது. பிள்ளைக்கு அது தண்டனையாகத்தான் தெரியும். அடுத்த முறை அவள் வாயே திறக்க மாட்டாள். இரவு ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் வீட்டிலுள்ள எல்லோருடைய கைப்பேசிகளும், அப்பாவுடையது உட்பட, கூடத்தில் ஓரிடத்தில் இருக்கட்டும் என்று வைத்துக்கொள்வது வேறு. அது வீட்டு வழக்கம்; அதை நான் வரவேற்கிறேன். குழுக்களில் தன்னை யார் சேர்க்கலாம் என்பதை வாட்ஸ்அப் அமைப்புகளில் மகளோடு சேர்ந்து உட்கார்ந்து மாற்றுங்கள். இன்ஸ்டாகிராமில் பிறர் தன் பெயரில் நடத்தும் கணக்கைப் பற்றிப் புகாரளிக்கத் தனி வழி இருக்கிறது. சகோதரி, அதையும் அவளே முன்னின்று செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். தன் கையால் ஒன்றைச் செய்து முடித்தாள் என்ற உணர்வு அவளுக்கு இப்போது மருந்தைவிட அவசியம்.

திக்கலைப் பற்றியும் பள்ளியிடம் பேசுங்கள். திக்கல் பயத்தாலோ அறிவுக் குறைவாலோ வருவதில்லை. பல குடும்பங்களில் அது தலைமுறையாகத் தொடர்வதைக் காண்கிறோம். அவசரப்படுத்தினாலும், அடுத்த சொல்லை நாமே எடுத்துக்கொடுத்தாலும் கூடும். திக்கிப் பேசும் பெரும்பாலோருக்குப் பிறரோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போது திக்கல் வெகுவாகக் குறைந்துவிடும். எனவே செய்யுளை இருவர் இருவராகவோ வரிசை வரிசையாகவோ சேர்ந்து சொல்ல வைக்குமாறு தமிழாசிரியையிடம் கேட்கலாம். உங்கள் மகளுக்கென்று தனிச் சலுகையாகத் தெரியாமல் முழு வகுப்புக்கும் அதையே வழக்கமாக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பேச்சுப் பயிற்சிக்கு வழிகாட்டுவார்கள்.

வீட்டில் அவளிடம் என்ன பேசுவது என்று பல தாய்மார்கள் கேட்கிறார்கள். கண்டுகொள்ளாமல் விடு, நீ ஏன் திருப்பிக் கேட்கவில்லை, உன்னிடம் என்ன குறை என்று யோசி ஆகிய மூன்றையும் தயவுசெய்து சொல்லாதீர்கள். நீ சொன்னது நல்லதாயிற்று, இது உன் தவறில்லை, அடுத்து என்ன செய்வது என்பதை உன்னைக் கேட்காமல் நான் செய்ய மாட்டேன் என்று சொல்லுங்கள். சொன்னபடியே நடந்துகொள்ளுங்கள். தூக்கம் கெட்டாலோ, சாப்பாட்டைத் தள்ளினாலோ, பிரியமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்தாலோ, நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி என்பதுபோல் ஒரு வார்த்தை வந்தாலோ காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். அதே நாளில் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மதுரை வழக்கறிஞர் எழுதியது:

சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். சகோதரியின் அண்ணன் நினைப்பதுபோல் காவல் நிலையம் ஒன்றுதான் கதவு என்பதும் இல்லை. அது முதல் கதவாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

பள்ளிகளில் சக மாணவர் துன்புறுத்தலுக்கென்று தனியான மத்தியச் சட்டம் நம்மிடம் இல்லை. தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டு ராகிங் தடைச் சட்டம் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட கொடுமையை ஒட்டி வந்தது. நடைமுறையில் அது கல்லூரிகளை நோக்கியே பயன்படுகிறது. உங்கள் பள்ளி சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் இயங்குவதாக இருந்தால், அந்த வாரியம் 2015இல் அனுப்பிய சுற்றறிக்கை இத்தகைய துன்புறுத்தலைத் தடுக்கப் பள்ளியிலேயே ஒரு குழு அமைக்க வேண்டும் என்கிறது; அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மாநிலப் பாடத்திட்டமாக இருந்தால் முதல்வருக்கும் தாளாளருக்கும் எழுதி, பதில் வராவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் போகலாம். 14417 என்ற பள்ளிக் கல்வித் துறை உதவி எண்ணும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் மாணவர்கள் தாங்களே அழைப்பதற்காகவும் உள்ளவை. அரசுப் பள்ளிகளில் மாணவர் மனசு என்ற புகார்ப் பெட்டிகளை வைத்ததும் இதே நோக்கத்தில்தான்.

பள்ளிக்கு வெளியே நடந்தது என்ற வாதம் இங்கே நிற்காது. ஒலிப்பதிவு நடந்த இடம் பள்ளி வேன். பள்ளி வாகனங்களுக்கான தமிழ்நாட்டின் 2012ஆம் ஆண்டு சிறப்பு விதிகள் வாகனத்தில் உதவியாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்கின்றன. அவர் அன்று எங்கே இருந்தார் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதன் விளைவும் வகுப்பறையில்தான் தொடர்கிறது.

போலிக் கணக்கைப் பொறுத்தவரை, பிறர் அடையாளத்தைத் திருடுவதும் கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளின்கீழ் குற்றம். இரண்டுக்கும் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. 66ஏ பிரிவைச் சொல்லி யாராவது வழிகாட்டினால் கேட்காதீர்கள். அதை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் நீக்கிவிட்டது. அந்தக் கணக்கில் வந்த வாசகங்களை நீங்கள் கூச்சமானவை என்று மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் மகளின் உடலைப் பாலியல் நோக்கில் காட்டும் படமோ, ஒட்டுவேலை செய்த படமோ, அப்படி ஒன்றை வெளியிடுவேன் என்ற மிரட்டலோ அங்கே இருந்தால் எல்லாமே மாறிவிடும். அது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்துக்குள் வரும். அதைத் தெரிந்துகொண்ட எவரும், முதல்வர் உட்பட, காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. அந்த நிலையில் சமாதானம் பேச யாருக்கும் அதிகாரமில்லை. படத்தைச் சாட்சிக்காக வேறு யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள், அனுப்புவதே குற்றமாகிவிடும். அத்தகைய படங்கள் பரவாமல் தடுக்க, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கென டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் உங்கள் கருவியை விட்டு வெளியே போகாது, அதன் எண் அடையாளம் மட்டுமே தளங்களுக்குப் போகும்.

புகார் கொடுத்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை பாழாகிவிடுமோ என்ற உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. பதினெட்டு வயது நிறையாதவர்கள் இளைஞர் நீதிச் சட்டத்தின்படியே நடத்தப்படுவார்கள். இத்தகைய குற்றங்களில் சாதாரணமாக முதல் தகவல் அறிக்கை கூடப் பதிய மாட்டார்கள். காவல் நிலைய நாட்குறிப்பில் பதிந்து, பிள்ளையின் சமூகப் பின்னணி அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்புவார்கள். கைவிலங்கு கிடையாது, லாக்கப் கிடையாது. பிள்ளைகளின் பெயரை வெளியிடுவதும் தடை செய்யப்பட்டது. அந்தச் சிறுமியின் படத்தை நீங்கள் கோபத்தில் முகநூலில் போட்டால், குற்றம் செய்தவராக நீங்கள்தான் நிற்க வேண்டியிருக்கும்.

ஆதாரத்தைப் பற்றி ஒன்று. திரைப்பிடிப்பு எடுக்கும்போது கணக்கின் பெயரும் முகவரியும் தேதியும் நேரமும் தெரியும்படி எடுங்கள். செய்தி வந்த கருவியில் எதையும் அழிக்காமல் வையுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும். மூலக் கருவி கையில் இருந்தால் அது எளிது. கணக்கை நீக்கச் சொல்லிப் புகாரளிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்; நீங்கிய பிறகு காட்ட ஒன்றும் இருக்காது.

அம்பத்தூர்த் தந்தை எழுதியது:

இந்த இழையில் எழுதலாமா என்று தயங்கினேன். என் மகன் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, அவனும் நண்பர்களும் சேர்ந்து ஒரு மாணவனின் உடல் பருமனை வைத்துக் குழுவில் தொடர்ந்து படங்கள் போட்டுவந்தார்கள். அந்தப் பையனின் தந்தை நேரடியாக எங்கள் வீட்டுக்கு வராமல் பள்ளி வழியாகச் செய்தி அனுப்பினார். அவர் வாசலில் வந்து நின்று சத்தம் போட்டிருந்தால் எந்தத் தகப்பனையும்போல் நானும் என் பிள்ளை பக்கம்தான் நின்றிருப்பேன். பள்ளியில் ஆலோசகர், அந்தப் படங்களை அச்சிட்டு என்முன் வைத்துவிட்டு எதுவும் பேசாமல் இருந்தார். நான் ஒவ்வொன்றாகப் புரட்டினேன்.

நாங்கள் அவனை அடிக்கவில்லை. அவனிடம் கேட்டபோது, அந்தக் குழுவில் சிரிக்காமல் இருந்தால் அடுத்து தன்னை வைத்துப் படம் போடுவார்கள் என்று சொன்னான். மேலே தலைமையாசிரியர் ஐயா எழுதியதைப் படித்ததும் அந்தச் சொல்தான் என் நினைவுக்கு வந்தது. அவன் அந்தக் குழுவில் தான் போட்ட ஒவ்வொரு படத்தையும் ஆலோசகர் முன்னிலையில் நீக்கினான். குழுவில் எல்லோரும் பார்க்க, இதை நான் செய்தேன், இனி யாரும் பகிர வேண்டாம் என்று எழுதினான். அந்தப் பையனிடம் நேரில் மன்னிப்புக் கேட்க அவன் தயாராகத்தான் இருந்தான். ஆனால் அந்தப் பையன் தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். பள்ளியும் அவன் விருப்பத்தையே ஏற்றது, நாங்களும் அதை மதித்தோம்.

சகோதரி, அந்தப் பெண்ணின் பெற்றோரிடம் நீங்களே போய்ப் பேச வேண்டாம். பள்ளியை நடுவில் வைத்து, பேச்சுக்குப் பதில் அந்தப் பதிவுகளைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் மகள் நல்லவள் இல்லை என்று யாரும் வாதாட முடியும். கண்முன் இருக்கும் படத்தோடு வாதாட முடியாது.

உறையூர்த் தாய் எழுதியது:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு மகளோடு உட்கார்ந்து இந்த இழையை முழுவதும் படித்தேன். போலிக் கணக்கின் திரைப்பிடிப்புகளைத் தேதியோடு எடுத்து வைத்துவிட்டோம்; அதன் பிறகு அவளே புகாரளித்தாள். பாலியல் படமோ மிரட்டலோ எதுவும் அதில் இல்லை. ஆசிரியரைப் பற்றிய அசட்டு வாசகங்கள்தான். பள்ளி மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். தன் கைப்பந்து அணி இங்கேதான் இருக்கிறது, போக மாட்டேன் என்கிறாள்.

ஒரு சந்தேகம். பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கேளுங்கள் என்று நான் சொன்னால், அதற்கும் அவள்தான் காரணம் என்று பேச்சு வராதா? வகுப்பில் ஒருத்தி மட்டும், அதுவும் யாரும் இல்லாதபோது, அவளிடம் பேசுகிறாளாம். அந்தப் பெண்ணின் பெயரைப் பள்ளியிடம் சொல்லலாமா?

தஞ்சை ஓய்வுத் தலைமையாசிரியர் எழுதியது:

சாட்சியாகச் சொல்லாதீர்கள், அம்மா. அந்தப் பெண் தனியே வந்து பேசுவதற்கே அவளுக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும்! அவளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் அந்தத் துணையையும் இழந்துவிடுவோம். வேறு விதமாகச் சொல்லுங்கள்: இருக்கைகளை மாற்றியமைக்கும்போது இவ்விருவரும் அருகருகே வரும்படி செய்ய முடியுமா என்று கேளுங்கள். இருக்கை மாற்றம் முழு வகுப்புக்கும் நடக்கட்டும். ஆய்வுக்கூடத்தில் இணைகளைப் பிரிப்பதும் ஆசிரியர் கையில்தான் இருக்கிறது. தோழிகளே தங்களுக்குள் குழு சேர்ந்துகொள்ள விடுவதால்தான் ஒரு பிள்ளை எப்போதும் மிஞ்சி நிற்கிறாள். கைப்பந்துப் பயிற்சியாளரிடமும் தனியே பேசுங்கள். மகள் அங்கே மதிக்கப்படுகிறாள் என்றால் வகுப்பாசிரியையைவிட அவர் சொல்லுக்குப் பிள்ளைகள் அதிகம் கட்டுப்படக்கூடும்.

பேச்சு வருமா என்றால், பள்ளி இதை ஒரு பிள்ளையின் புகாராக நடத்தினால் வரும். வேனில் கைப்பேசி பயன்படுத்துவது பற்றிய முழுப் பள்ளி நடவடிக்கையாக நடத்தினால் வராது. வேனில் கைப்பேசிகளை உதவியாளரிடம் ஒப்படைத்து இறங்கும்போது வாங்கிக்கொள்ளும் முறையை எல்லாத் தடங்களுக்கும் ஒரே நாளில் கொண்டுவரச் சொல்லுங்கள். பிறர் குரலையும் படத்தையும் அனுமதியின்றிப் பதிவதைப் பற்றி ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும் பேசாமல் ஆறு முதல் பன்னிரண்டு வரை எல்லா வகுப்புகளிலும் பேசச் சொல்லுங்கள்.

கடிதத்தை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். முதல் பத்தியில் நடந்தவை தேதி வாரியாக. இரண்டாவதில் நீங்கள் கேட்கும் ஏற்பாடுகள். மூன்றாவதில் இரு பிள்ளைகளையும் இனி எதிரெதிரே நிறுத்தி விசாரிக்க வேண்டாம் என்ற ஒரே வேண்டுகோள். அண்ணனின் கோபம், முதல்வர் சொன்ன வார்த்தை எதுவும் அதில் வர வேண்டாம். இரண்டு படி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து எந்த நாளில் மீண்டும் சந்திப்பது என்பதையும் அன்றே அலுவலகத்தில் குறித்துவிட்டு வாருங்கள். வரைவை எழுதியதும் பெயர்களை எடுத்துவிட்டு இங்கே போடுங்கள். வழக்கறிஞர் ஐயாவும் ஒருமுறை பார்த்துவிடட்டும்.